தண்ணீரைப் பாடமாக நடத்துவது எப்படி: முதலில் அளவு, பிறகு அறிவுரை

தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய வகுப்பு பெரும்பாலும் வாசகப் போட்டியோடு முடிந்துவிடுகிறது. ‘துளியைச் சேமிப்போம்’ என்று அழகாக எழுதிப் பரிசு வாங்கிய மாணவரிடம், தினமும் கை கழுவும் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்திருக்காது. எவ்வளவு செலவாகிறது என்றே தெரியாத ஒன்றில் சிக்கனம் செய்ய முடியாது. அதனால் இங்கே சொல்லப்படும் வரிசை வேறு: முதலில் அளப்பது, அடுத்து அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது, உலகப் பிரச்சினைகள் அதன் பிறகு.

11 முதல் 14 வயதுள்ள மாணவர்களுக்கு, 45 நிமிட வகுப்புகள் எட்டு, நடுவில் ஒரு வார வீட்டுப் பதிவு என்ற கணக்கில் இது எழுதப்பட்டுள்ளது. இன்னும் சிறியவர்கள் என்றால் அளப்பதையும் மாதிரிகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்குகளை நீங்களே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

வேண்டிய பொருள்கள்: ஒரு லிட்டர் அளவுஜாடி, ஊசி இல்லாத சிரிஞ்சுகள் (50 மி.லி. ஒன்று, 5 மி.லி. ஒன்று, 1 மி.லி. ஒன்று), எடை பார்க்கும் தராசு, கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச், உணவில் சேர்க்கும் சிவப்பு நிறம், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி, 2 லிட்டர் பாட்டில்கள், நன்றாகக் கழுவிய மணலும் சரளையும், பிசைந்த களிமண், மரக்கரி, படிகாரம், பழைய நைலான் துணி. மணலைக் கழுவுவதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கீழே வரும் சோதனைகளில் பாதி கெட்டுப்போவது கழுவாத மணலால்தான்.

குழாயடியில் தொடங்குங்கள்

குழாயின் வேகத்தை அளப்பது எளிது. 10 விநாடி தண்ணீரைப் பிடித்து, கிடைத்த அளவை 6 ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். 10 விநாடியில் 1.2 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 7.2 லிட்டர். வாளியில் அளவுக்கோடு இல்லாவிட்டால் எடை பாருங்கள். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அளப்பது. யாரும் அப்படித் திறந்து கை கழுவுவதில்லை. ‘நீ வழக்கமாகத் திறக்கிற அளவுக்குத் திற’ என்று சொல்லி மூன்று மாணவர்களைத் தனித்தனியாகத் திறக்கச் சொல்லுங்கள். மூன்று அளவுகளும் கணிசமாக வேறுபடும். அந்த வேறுபாட்டையும் குறித்துவைக்க வேண்டும். ஒரே எண்ணை எழுதிவிட்டு அதுதான் உண்மை என்று நம்பும் பழக்கம் இங்கேயே உடையட்டும்.

அடுத்தது சொட்டும் குழாய். ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு பல இடங்களில் அச்சாகியிருக்கும். ஒன்றில் 4 லிட்டர், இன்னொன்றில் 20 லிட்டர். இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். நாளுக்கு 86,400 விநாடி என்பது மாறாது. மாறுவது சொட்டின் பருமன். சிரிஞ்சு முனையிலிருந்து விழும் சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. குழாய் வாய் அகலமானது, அதனால் அங்கே சொட்டு இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து மடங்குகூடப் பெரிதாக இருக்கும். எனவே யாருடைய அட்டவணையையும் நம்ப வேண்டாம். 100 சொட்டுகளை ஒரு கிண்ணத்தில் பிடித்து, சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து, 100 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 100 சொட்டுக்கு 15 மி.லி. வந்தால், விநாடிக்கு ஒரு சொட்டு விழும் அந்தக் குழாயில் நாளுக்கு 13 லிட்டர் போகிறது.

கழிப்பறைத் தொட்டியை அளக்க, சுவரோரம் உள்ள அடைப்பு வால்வை மூடுங்கள். தொட்டிக்குள் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு ஒருமுறை ஃபிளஷ் செய்யுங்கள். பிறகு அளவுஜாடியால் ஊற்றி அதே குறிவரை நிரப்புங்கள். ஊற்றிய அளவுதான் ஃபிளஷ் அளவு. புதிய தொட்டிகளில் 6 லிட்டரோ அதற்குக் குறைவாகவோ வரும். பழையவற்றில் 9 முதல் 13 லிட்டர்வரை போகும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, தொட்டி நீரில் உணவு நிறம் பத்துச் சொட்டு விட்டு 20 நிமிடம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் அடைப்பு ரப்பர் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் நாள் முழுக்க ஓடும் கசிவு இதுதான். சொட்டும் குழாயைப் பார்த்துப் பதறுகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை.

மீட்டர் உள்ள கட்டிடம் என்றால், எல்லோரும் போன பிறகு ஒரு குறிப்பு, மறுநாள் காலை யாரும் குழாயைத் தொடும் முன் ஒரு குறிப்பு. இடையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டரில் ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்கள் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். மாணவர்கள் இந்த இடத்தில் பத்து மடங்கு, நூறு மடங்கு தவறாகப் படிப்பார்கள். அதனால் எண்ணைப் படித்துச் சொல்லவிடாமல், முகப்பைப் படம் எடுத்துவரச் சொல்வது நல்லது. இரவில் தானாக நிரம்பும் மேல்தொட்டி இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். தொட்டி நிரம்பிய பிறகே முதல் குறிப்பை எடுக்க வேண்டும்.

ஒரு வாரப் பதிவு

வீட்டுப் பதிவில் லிட்டரை எழுதச் சொல்லாதீர்கள். எத்தனை முறை, எத்தனை நிமிடம், எத்தனை வாளி என்று கோடு போட்டால் போதும். லிட்டராக மாற்றுவது வகுப்பில், அவரவர் அளந்த எண்களைக் கொண்டு. ஐந்து வரிசைகள் வைத்தால் சரியாக இருக்கும்: குடிக்கவும் சமைக்கவும்; கை, முகம், பல்; குளியல்; கழிப்பறை; துணி, பாத்திரம், தரை. துணி துவைப்பும் சமையலும் வீட்டுக்குப் பொதுவானவை. மொத்தத்தை வீட்டில் உள்ளவர்கள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஏழு நாள் கட்டாயம். மூன்று நாளில் நிறுத்தினால் துணி துவைத்த நாள் உள்ளே வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து எண் தாறுமாறாகிவிடும்.

தாளில் பெயர் வேண்டாம், ஒரு குறியெண் போதும். சில வீடுகளில் குழாயே இருக்காது; வெளியிலிருந்து குடத்தில் எடுத்துவருவார்கள். அவர்கள் எண் சிறியதாக இருக்கும். அதைப் பாராட்டவும் கூடாது, இரக்கப்பட்டுப் பேசவும் கூடாது. கிடைக்காததால் குறைவாகப் பயன்படுத்துவதற்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை.

வகுப்பின் எண்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு தவறான பதிவு மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த நடு எண்ணை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோடு ஒப்பிடலாம்: குடிக்க, சமைக்க, சுத்தமாக இருக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர். மீட்டர் உள்ள வீடுகளில் பதிவின் கூட்டுத்தொகையையும் மீட்டர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மறந்தது, கசிந்தது, குறைத்துச் சொன்னது எல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. எங்கள் கணிப்பில், எட்டு வகுப்பிலும் அதிகம் கற்றுத்தருவது இந்த இடைவெளியைப் பற்றிய பேச்சுதான். ஒரு முழு வகுப்பை அதற்கே கொடுங்கள்.

ஒரே ஒரு திருத்தம்

அளந்த பிறகு, கட்டிடத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கட்டும். வாஷர் மாற்றுவது, குழாய் வாயில் காற்றுக் கலக்கும் வலை பொருத்துவது, பெரிய கழிப்பறைத் தொட்டிக்குள் நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டில் வைப்பது என ஏதாவது ஒன்று. பாட்டிலுக்குப் பதில் செங்கல் போட வேண்டாம்; அது கரைந்து உதிர்ந்து வால்வில் சிக்கும். மிதவையில் பாட்டில் உரசக் கூடாது. 6 லிட்டர் தொட்டியில் இதைச் செய்யவே வேண்டாம்: ஒருமுறை ஃபிளஷ் செய்து போகாமல் இரண்டு முறை செய்தால் சேமிப்பு எதிர்மறையாகிவிடும்.

மாற்றத்துக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம் மீட்டர் எண். இரண்டையும் அந்தந்த வார வருகைப்பதிவால் வகுத்து, ஒருவருக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். விடுமுறையும் விளையாட்டு விழாவும் வந்த வாரத்தை அப்படியே ஒப்பிட்டால், பாட்டில் செய்யாத சாதனையைப் பாட்டிலுக்குக் கொடுத்துவிடுவோம்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். நாம் சேமித்த தண்ணீர் வறட்சி உள்ள நாட்டுக்குப் போகுமா? போகாது. தண்ணீர் கனமானது, தூரம் கொண்டுபோகச் செலவு அதிகம். அதனால் தட்டுப்பாடு பெரும்பாலும் அந்தந்த ஆற்றுப்படுகையின் பிரச்சினை. சேமிப்பால் மிஞ்சுவது நம் ஏரி, நம் கிணறு, பிறகு மின்சாரம். 10 லிட்டர் நீரை 25 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.29 யூனிட் வேண்டும். 10 வாட் எல்இடி விளக்கை 29 மணி நேரம் எரிக்கலாம். குளியலை ஒரு நிமிடம் குறைப்பதற்கு இது நேர்மையான காரணம். ‘எங்கோ ஒரு குழந்தை தாகத்தில் இருக்கிறது’ என்பது அதற்கான காரணம் அல்ல. அந்தக் குழந்தைக்கு வேண்டியது பம்ப், குழாய், பராமரிப்புக்குப் பணம், ஒழுங்காக நடக்கும் நிர்வாகம்.

ஒரு லிட்டரில் உலகம், அதிலுள்ள ஒரு பொறி

உலகின் நீர் முழுவதையும் ஒரு லிட்டராகக் காட்டும் சோதனை பலருக்கும் தெரிந்ததே. சரியாகச் செய்தால் நன்றாக இருக்கும். அளவுஜாடியில் 1,000 மி.லி. நிரப்புங்கள். 50 மி.லி. சிரிஞ்சால் 25 மி.லி. எடுத்துத் தனியே வையுங்கள். இதுதான் நன்னீர் முழுவதும். மிஞ்சிய 975 மி.லி.யில் 34 கிராம் உப்பைக் கரைத்தால் கடலின் உப்புத்தன்மை கிடைக்கும். நன்னீரைப் பிரித்த பிறகே உப்பைப் போட வேண்டும் என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

25 மி.லி.யில் 17.2 மி.லி. பனிப்பாறைகள், 7.5 மி.லி. நிலத்தடி நீர், அதை ஒரு குவளை மணலில் ஊற்றுங்கள். மிஞ்சுவது 0.3 மி.லி., அதாவது ஆறு சொட்டு. அதிலும் நான்கு சொட்டு உறைநிலத்துப் பனி. ஏறத்தாழ ஒன்றேகால் சொட்டு ஏரிகள். மண் ஈரம், சதுப்பு, காற்றிலுள்ள ஆவி எல்லாம் மிச்சத்தில் அடக்கம். உலகின் ஆறுகள் அனைத்தும் சேர்ந்து ஒரு சொட்டில் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கரண்டியால் அளந்தால் இந்தக் கணக்கு நடக்காது; கடைசி 0.3 மி.லி.க்கு 1 மி.லி. சிரிஞ்சு வேண்டும்.

பெரும்பாலான வகுப்புகள் இங்கே நின்றுவிடும். மாணவர்கள் ‘தண்ணீர் தீரப்போகிறது’ என்ற அச்சத்தோடு வீட்டுக்குப் போவார்கள். பொறி இதுதான். ஒரு கணக்கைக் கொடுங்கள்: எந்த ஒரு கணத்திலும் உலகின் ஆறுகளில் இருக்கும் நீர் ஏறத்தாழ 2,100 கன கிலோமீட்டர். மனிதர்கள் ஆண்டொன்றுக்கு எடுக்கும் நன்னீர் ஏறத்தாழ 4,000 கன கிலோமீட்டர். இருப்பதைப்போல் இரண்டு மடங்கை எடுத்தும் ஆறுகள் எப்படி ஓடுகின்றன? ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். யாராவது நிலத்தடி நீர் என்பார்கள், அது பாதி விடை. மீதிப் பாதி, ஆற்று நீர் சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. பேருந்தில் ஒரு நேரத்தில் நாற்பது பேர்தான் இருப்பார்கள். ஒரு நாளில் அதே பேருந்து ஆயிரம் பேரைக் கொண்டுபோகும். இருப்பு வேறு, ஓட்டம் வேறு.

இதைக் காட்ட, மேற்பகுதி வெட்டிய 2 லிட்டர் பாட்டிலின் அடியோரம் 4 மி.மீ. துளையிட்டுக் குழாய்க்கடியில் வையுங்கள். சற்று நேரத்தில் மட்டம் ஓரிடத்தில் நிற்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம். அது ஆறு. இன்னொரு பாட்டிலில் ஊசித்துளை போட்டு, சொட்டுச் சொட்டாக மட்டும் நீர் வரவிடுங்கள். அது ஆழ்ந்த நிலத்தடி நீர், சில இடங்களில் நிரம்ப ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆனது. இரண்டிலும் ஒரே குவளையால் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். முதல் பாட்டில் மீண்டுவிடும். இரண்டாவது மீளாது. எது தீரும், எது தீராது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நிலத்தடி நீர்ப் பெட்டி

நேரம் இருந்தால் இரண்டு வகுப்புகளை இதற்குக் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நீரைப் பற்றி மாணவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் பாதாள ஏரி. அதைக் கலைக்க, முதலில் 200 மி.லி. மணல் நிரப்பிய குவளையில் சிரிஞ்சால் நீர் விடச் சொல்லுங்கள். மேலே நீர் தெரியும்வரை 70 முதல் 80 மி.லி. உள்ளே போகும். ‘நிரம்பிய’ குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம் இருந்திருக்கிறது.

பெட்டி 30 செ.மீ. நீளம், 20 அகலம், 20 உயரம் இருந்தால் வசதி. அடியில் 2 செ.மீ. சரளை, மேலே 8 செ.மீ. கழுவிய வெளிர் நிறப் பருமணல். பாதிப் பெட்டிக்கு மட்டும் 2 செ.மீ. களிமண் அடுக்கு, அதன் மேல் மறுபடி மணல். மறு பாதியின் மூலையில் கையளவு பள்ளம் தோண்டினால் அது ஏரி. ஒன்றரை செ.மீ. குறுக்களவுள்ள ஒளி ஊடுருவும் குழாய்கள் இரண்டின் கீழ் முனையில் சிறு துளைகள் போட்டு, நைலான் துணி சுற்றிக் கட்டி, பெட்டிச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள்: ஒன்று அடிவரை, இன்னொன்று பாதி ஆழம்வரை. இவை கிணறுகள். துணி சுற்றாவிட்டால் இரண்டாவது நிமிடமே மணல் புகுந்து அடைத்துக்கொள்ளும்.

நீரை மேலிருந்து கொட்டாதீர்கள். காற்று சிக்கிக் குமிழியிடும். ஆழக் கிணற்றுக் குழாய் வழியாக மெதுவாக ஊற்றினால் கீழிருந்து நிரம்பும். பள்ளத்தில் நீர் தோன்றும் கணத்தில் நிறுத்துங்கள். ஏரியின் மட்டமும் கிணறுகளின் மட்டமும் ஒன்றாக இருக்கும். ஏரி என்பது நிலத்தடி நீர்மட்டம் வெளியே எட்டிப்பார்க்கும் இடம் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்வார்கள்.

இனி 50 மி.லி. சிரிஞ்சில் மெல்லிய குழாய் பொருத்தி ஆழக் கிணற்றிலிருந்து உறிஞ்சுங்கள். இந்த அளவுப் பெட்டியில் மட்டம் ஒரு செ.மீ. இறங்க மூன்று, நான்கு முறை உறிஞ்ச வேண்டியிருக்கும். ஸ்பிரே பாட்டில் பம்பை வைத்துச் செய்யலாம் என்று சில கையேடுகள் சொல்லும். ஓர் அழுத்தத்துக்கு ஒரு மி.லி. அளவே வரும் என்பதால் மாணவர்கள் சலித்துவிடுவார்கள். உறிஞ்ச உறிஞ்ச, முதலில் ஏரி சுருங்கும். அடுத்து ஆழமில்லாத கிணறு வற்றும். ஆழக் கிணறு மட்டும் தொடர்ந்து நீர் தரும். ஆழக் கிணறு வெட்ட முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்ற பேச்சு தானே தொடங்கிவிடும்.

மறு வகுப்பில் மாசு. களிமண் இல்லாத பாதியில் 5 மி.லி. சிவப்பு நிறத்தை ஊற்றி, துளையிட்ட குவளையால் மழை பெய்யுங்கள், கிணற்றில் உறிஞ்சுங்கள். எத்தனையாவது சிரிஞ்சில் நிறம் வருகிறது என்று எழுதட்டும். பிறகு நல்ல நீரை மட்டும் ஊற்றி உறிஞ்சி நிறம் போகுமா பார்க்கட்டும். வந்ததைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும், முழுதாகப் போகவும் போகாது. களிமண் உள்ள பக்கத்தில் செய்தால் நிறம் தடுக்கப்பட வேண்டும். தடுக்கப்படாவிட்டால் களிமண் சுவரோடு ஒட்டவில்லை என்று பொருள். விரலால் ஓரங்களை அழுத்தி ஒட்டுங்கள். உலர்ந்த களிமண் தூளைத் தூவினால் வேலைக்கு ஆகாது.

இந்தப் பெட்டி காட்டாத ஒன்றை வாயால் சொல்ல வேண்டும். மணல் நீரை இழந்தாலும் அமுங்காது; களிமண் அடுக்குகள் அமுங்கும், மீண்டும் விரியா. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1925 முதல் 1977 வரை நீரை உறிஞ்சியதில் ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 9 மீட்டர் கீழே இறங்கியது. அந்த இடங்களில் பிறகு மழை பெய்தாலும் பழைய அளவு நீரை நிலம் தாங்காது.

தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு

வடிகட்டிச் சோதனை எல்லோருக்கும் பிடிக்கும். ஆபத்தும் அதில்தான். தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: இங்கே வடிகட்டிய நீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

முதலில் படிகாரம். ஒரு கிராமை 100 மி.லி. நீரில் கரையுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி தோட்ட மண் கலந்த நீரை நான்கு ஜாடிகளில் லிட்டர் லிட்டராக எடுத்து, படிகாரக் கரைசலை 2, 5, 10, 20 மி.லி. என்று சேருங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு 10 நிமிடம் மிக மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். முழு நேரமும் வேகமாகக் கலக்குவதுதான் இங்கே நடக்கும் தவறு: சேர்ந்து வரும் திரள்கள் உடைந்துவிடும், எதுவும் படியாது. நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் மருந்தின் அளவை முடிவுசெய்வதும் இதே முறையில்தான்.

வடிகட்டிக்கு, அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து வாயில் துணி கட்டுங்கள். கீழிருந்து மேலாக 2 செ.மீ. பஞ்சு, 3 செ.மீ. கழுவிய கரித்துண்டு, 7 செ.மீ. நுண்மணல், 3 செ.மீ. பருமணல், 3 செ.மீ. சரளை. தீப்பற்ற வேதிப்பொருள் சேர்த்த கரி வேண்டாம். நீரை ஓர் அட்டைத்துண்டின் மேல் விழும்படி மெல்ல ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் மணலில் ஓட்டை விழுந்து நீர் வடிகட்டப்படாமலே இறங்கிவிடும். முதல் அரை லிட்டர் கறுப்பாகத்தான் வரும், கொட்டிவிடுங்கள். தெளிவை அளக்க, வெள்ளைத் தாளில் கறுப்புப் பெருக்கல் குறி போட்டு அதன் மேல் கண்ணாடிக் குவளையை வைத்து, குறி மறையும்வரை நீர் ஊற்றி உயரத்தைக் குறிக்கலாம்.

பிறகு இதே வடிகட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்புக் கரைத்த தெளிந்த நீரை விடுங்கள். வெளியே வந்த நீரில் 10 மி.லி.யைக் கறுப்புத் தட்டில் காயவைத்தால் உப்பு அப்படியே படிந்திருக்கும். கரைந்தது மணலில் நிற்காது. கிருமிகளும் இந்தப் பாட்டிலில் முழுதாக நிற்பதில்லை. கிருமியை அழிக்க, நன்றாகத் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆனால் கொதிக்கவைத்தால் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் போகாது.

அந்த இடத்திலிருந்து வங்கதேசத்துக்குப் போகலாம். குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கைக் குறைக்க 1970களிலிருந்து அங்கே குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் போடப்பட்டன. நீர் தெளிவாக இருந்தது, கிருமி குறைந்தது. 1990களில்தான் அந்தக் கிணறுகள் பலவற்றில் நிலத்தடிப் படிவுகளிலிருந்து கரைந்த ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சோதித்த கிணறுகளில் ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஒரு பிரச்சினையின் தீர்வு இன்னொன்றைக் கொண்டுவந்தது என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

மறைநீர்

உலகில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது. வீடுகளின் பங்கு 12 விழுக்காட்டுக்கு அருகில்தான். ஆகவே பொருள்களுக்குள் மறைந்த நீரைத் தொடாமல் பாடம் முடியாது. பிரிட்டன் புவியியலாளர் டோனி ஆலன் 1990களில் முன்வைத்த கருத்து இது. 2002இல் நெதர்லாந்தின் நீர் ஆய்வாளர் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா அதை நீர்த்தடம் என்ற கணக்காக விரித்தார். உலகச் சராசரியில் ஒரு குவளை காபிக்கு 130 லிட்டர், பருத்திச் சட்டை ஒன்றுக்கு 2,500, ஒரு கிலோ கோதுமைக்கு 1,800, ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர் அளவில் ஆகிறது.

எண்களை அட்டையில் எழுதி வரிசைப்படுத்தும் விளையாட்டு பத்து நிமிடத்தில் முடியும். அதோடு விட்டால் தவறான பாடம். மழையாக விழுந்து மண்ணில் தங்கிப் பயிர் குடித்த நீரும், வற்றும் ஆற்றிலிருந்து இறைத்த நீரும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. முதலாவது பச்சை, இரண்டாவது நீலம். மாட்டிறைச்சிக் கணக்கில் பெரும்பகுதி பச்சை. எனவே ‘எத்தனை லிட்டர்’ என்பதோடு ‘எங்கிருந்து எடுத்தது, அங்கே தட்டுப்பாடு உண்டா’ என்ற கேள்வியையும் அட்டையின் பின்புறம் அச்சிடுங்கள். யாருடைய உணவையும் வகுப்பில் குற்றம் சொல்ல இதைக் கருவியாக்க வேண்டாம்.

நீலத்துக்கு எடுத்துக்காட்டு மத்திய ஆசியாவின் ஆரல் கடல். 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அப்போது உலகின் நான்காவது பெரிய ஏரி. பருத்திப் பாசனத்துக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியதில், 2007 வாக்கில் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. வடக்குப் பகுதியில் 2005இல் கட்டி முடித்த கோக்-ஆரல் அணைக்குப் பிறகு அங்கே மட்டம் உயர்ந்து மீன்பிடிப்பு திரும்பியது. தெற்குப் பகுதி மீளவில்லை. ஒரே ஏரியின் இரு பாதிகளுக்கு இரு முடிவுகள் என்பதால் விவாதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

50 லிட்டரும் 20 கிலோவும்

மூன்று ஆண்டு வறட்சிக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். குழாய்களை அடைக்கும் நாள் என்று அறிவித்த தேதி தள்ளிப்போய், கடைசியில் வரவேயில்லை. மாணவர்கள் தாங்கள் அளந்த எண்களைக் கொண்டே 50 லிட்டருக்கு ஒரு நாள் திட்டம் போடட்டும். 10 லிட்டர் ஃபிளஷ் உள்ள வீட்டுக்காரர் ஐந்து முறையில் முடிந்துபோவார். குளித்த நீரைக் கழிப்பறைக்கு எடுப்பது என்ற யோசனை தானாகவே வரும், நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

பாதுகாப்பான குடிநீர் ஏற்பாடு இல்லாதவர்கள் 2024 கணக்கின்படி உலகில் 210 கோடிப் பேர். இந்த எண்ணை வெறுமனே சொன்னால் காதில் விழாது. போய், வரிசையில் நின்று, திரும்பிவர 30 நிமிடத்துக்கு மேல் ஆனால், நீர் நல்லதாக இருந்தாலும் அந்த ஏற்பாட்டை அடிப்படைச் சேவையாகக்கூட உலகக் கணக்கெடுப்பில் எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 50 லிட்டர் வீதம் 250 கிலோ. 20 லிட்டர் கேனில் பதின்மூன்று நடை. நடை ஒன்றுக்கு அரை மணி என்று பெருக்கச் சொல்லுங்கள்: ஆறரை மணி நேரம். சுமந்து பார்க்க வேண்டுமென்றால் 5 லிட்டருக்கு மேல் கொடுக்காதீர்கள், மைதானத்தில் 200 மீட்டர் போதும். 20 கிலோ என்பதை மனதில் பெருக்கிக்கொள்வார்கள்.

நதிப் பங்கீட்டு விளையாட்டு

நான்கு குழுக்கள் வரிசையாக அமரட்டும். முதல் குழு மலையடிவாரம், கடைசிக் குழு முகத்துவாரம். 100 மணிகளை முதல் குழுவிடம் கொடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பிழைக்க 15 மணி. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு புள்ளி. கடலுக்குக் குறைந்தது 10 மணி போகாவிட்டால் கடைசிக் குழுவின் நிலத்தில் உப்பு ஏறி அடுத்த சுற்றில் அதற்கு 20 மணி தேவைப்படும். முதல் இரண்டு சுற்று பேசாமல், மூன்றாவதில் பேசலாம், நான்காவதில் வறட்சி, 65 மணி மட்டும். 60 பிழைப்புக்கே போய்விடும், கடலுக்கு 5தான் மிஞ்சும். முன்பு செய்துகொண்ட ஒப்பந்தம் நிலையான எண்ணிக்கையில் இருந்தால் இந்தச் சுற்றில் உடையும். விழுக்காட்டில் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். கடைசிக் குழு சலித்துப்போவது உறுதி, அதனால் ஐந்தாவது சுற்றில் வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

மதிப்பீட்டுக்கு வாசகம் எழுதச் சொல்லாமல் மூன்று கேள்வி கொடுங்கள். விநாடிக்கு இரண்டு சொட்டு விழும் குழாயில் 100 சொட்டு 12 மி.லி. என்றால் ஒரு வாரத்தில் எத்தனை லிட்டர்? (ஏறத்தாழ 145.) தெளிவாக இருக்கும் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது எந்த ஆபத்தைப் போக்கும், எதைப் போக்காது? மழை மிகுந்த இடத்தில் ஒருவர் ஒரு லிட்டர் சேமிப்பதும், நிலத்தடி நீரை மட்டும் நம்பிய வறண்ட இடத்தில் ஒருவர் ஒரு லிட்டர் சேமிப்பதும் ஒன்றா, ஏன்? மூன்றாவதற்கு ‘ஒன்றுதான்’ என்று பெரும்பாலோர் எழுதியிருந்தால், துளையிட்ட இரண்டு பாட்டில்களையும் மறுபடி குழாயடிக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும்.